பணம் என்னுடையது, லோகோ மட்டும் அவர்களுடையதா?

நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்து விற்கிறேன். லோகோ, பாக்கெட் டிசைன் இரண்டுக்கும் சேர்த்து ஒரு டிசைன் நிறுவனத்துக்கு 35,000 ரூபாய் கொடுத்தேன். ஜேபெக் படங்களை மட்டுமே அனுப்பினார்கள். பெரிதாக்கினால் படம் உடைகிறது என்று ஃப்ளெக்ஸ் கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரிஜினல் ஃபைலைக் கேட்டால் இன்னும் 20,000 ரூபாய் கேட்பதோடு, லோகோவின் உரிமையும் தங்களுடையதே என்கிறார்கள். இது நியாயமா?
- வாசகி, ஈரோடு

பதில்: நியாயமே இல்லை, சகோதரி. வேலையை ஒப்புக்கொள்ளும்போது சொல்லாத ஒரு கட்டணத்தை, உங்கள் தொழில் அந்த லோகோவைச் சார்ந்து நின்ற பிறகு கேட்பது அடாவடி. ஆனால், உரிமையைப் பொறுத்தவரை சட்டம் உங்களுக்கு முழுத் துணையாக இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதை உருவாக்கியவரே. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, காசு கொடுத்தவருக்கே உரியது என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. எனவே பாக்கெட்டுக்காக அவர்கள் எடுத்த புகைப்படங்கள் ஏதேனும் இருந்தால் அவற்றைத் தயங்காமல் கேளுங்கள். வெளி நிறுவனம் வரைந்து கொடுத்த லோகோவுக்கு அந்தச் சலுகை எழுதப்படவில்லை. அதன் உரிமை, நிறுவனம் கையொப்பமிட்டுத் தரும் ஒப்படைப்புக் கடிதத்தின், அதாவது உரிமையை மாற்றித் தரும் கடிதத்தின், வழியாகத்தான் உங்களுக்கு வரும். அந்தக் கடிதத்திலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும்.

இப்போது செய்ய வேண்டியது: ரசீது, விலைப்புள்ளி, வாட்ஸ்அப் உரையாடல் அனைத்தையும் திரட்டி, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத ஒரிஜினல் ஃபைல்களான வெக்டர் கோப்புகளையும், பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும் உலகம் முழுவதற்குமான உரிமை ஒப்படைப்பையும் கேட்டு, ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். லோகோவும் பாக்கெட்டும் வணிகத்துக்கென்றே செய்யப்பட்டவை என்பதற்கு அந்த விலைப்புள்ளியே சாட்சி. பதில் வராவிட்டால் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பலாம். கேட்ட பணத்தை மட்டும் பயந்துபோய்க் கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: இணையத்தில் 500 ரூபாய்க்கு வாங்கிய லோகோ, பக்கத்து ஊர் பேக்கரியிலும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், கரூர்

பதில்: வேறு லோகோ செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு விற்றது எவரும் இறக்கிக்கொள்ளக்கூடிய ஆயத்தப் படம். அந்த பேக்கரிக்காரரும் உங்களைப் போல் காசு கொடுத்துத்தான் வாங்கியிருப்பார்.

கேள்வி: எங்கள் இனிப்புக் கடைக்குப் புது பிராண்டிங் செய்யும் நிறுவனம், தமிழில் எழுதினால் பிரீமியம் தோற்றம் வராது, பெயர்ப் பலகையிலும் பெட்டியிலும் ஆங்கிலம் மட்டும் போதும் என்கிறது. கேட்கலாமா?
- வாசகர், மதுரை

பதில்: கேட்காதீர்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப் பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கான இட அளவு 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும். அபராதம் கட்டப்போவது நீங்கள். டிசைன் நிறுவனம் அன்று உங்கள் பக்கத்தில் நிற்காது.

விதி இருக்கட்டும், எனக்கு இதில் நெடுநாள் ஆதங்கம் உண்டு. ஆங்கிலப் பெயரின் ஒவ்வோர் எழுத்துக்கும் இடையிலான இடைவெளியை நாள்கணக்கில் சரிசெய்யும் நிறுவனங்கள், தமிழ்ப் பெயர் என்று வந்ததும் கணினியில் கிடக்கும் ஏதோ ஓர் எழுத்துருவை எடுத்து, மீதமிருக்கும் அகலத்துக்குள் அடங்கும்படி நெருக்கிவிடுகின்றன. அப்படி நெருக்கும்போது செங்குத்துக் கோடுகள் மெலிந்து, படுக்கைக் கோடுகள் தடித்து, எழுத்தே நோயாளியைப் போலத் தெரிகிறது. பிறகு, தமிழ் அழகாக இல்லை என்று நமக்கே பாடம் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுத் திருமண அழைப்பிதழை நல்ல விலை கொடுத்து ஒரு டிசைன் நிறுவனத்தில் செய்தோம். கட்டுக்கட்டாக வந்து இறங்கிய பிறகு பார்த்தால், கோமதி என்ற பெயரில் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு அதற்குப் பின்னால் போய்த் துணைக்காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காததால் வந்த கோளாறு அது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு முறை பார்த்திருந்தால் போதும். அந்தப் பெண்ணின் முகம் வாடியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

நல்ல எழுத்துருவுக்குச் செலவாகும் என்ற சாக்கும் எடுபடாது. முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, பலூ தம்பி ஆகியவை வணிகப் பயன்பாட்டுக்கும் அனுமதி தரும் திறந்த உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எனவே முதல் கூட்டத்திலேயே, இதற்கு முன் அவர்கள் செய்த தமிழ் வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள். கடைப் பெயரை இரு மொழிகளிலும் ஒரே நேரத்தில் வரையச் சொல்லுங்கள். பெட்டியின் ஓரத்தில் வரும் சிறிய எழுத்துகளை அச்சிட்டே பாருங்கள். மெய்யெழுத்தின் புள்ளி மை பரவிக் காணாமல் போவது அங்கேதான்.

கேள்வி: 5,000 பாக்கெட் கவர்களில் நிகர எடை 200 கிராமுக்குப் பதிலாக 250 கிராம் என்று அச்சாகிவிட்டது. புரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் மாதிரி) வாட்ஸ்அப்பில் வந்தபோது வேலை மும்முரத்தில் ஓகே என்று அனுப்பிவிட்டேன். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: படிக்காமல் ஓகே சொன்னது நீங்கள், இதில் அவர்களை மட்டும் எப்படிக் குறை சொல்வது? நீங்கள் எழுதிக் கொடுத்த விவரத்தில் 200 என்றே இருந்தால், செலவைப் பகிர்ந்துகொள்ளும்படி கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். அந்தக் கவர்களில் பொருளை அடைத்து மட்டும் விற்காதீர்கள். 50 கிராமை இழப்பது உங்களை நம்பி வாங்குபவர். ஸ்டிக்கர் ஒட்டி எடையைத் திருத்தவும் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அனுமதிக்கவில்லை.

கேள்வி: செல்பேசியில் பளிச்சென்று தெரிந்த ஆரஞ்சு நிறம், அட்டையில் மங்கலாக வந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
- வாசகி, சேலம்

பதில்: இல்லை. திரை ஒளியால் காட்டும் எல்லா நிறத்தையும் நான்கு வண்ண மையால் கொண்டுவர முடியாது. அடுத்த முறை அதே அட்டையில் அச்சிட்ட மாதிரியைப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: டிரேட் மார்க்குக்கு இப்போதுதான் விண்ணப்பித்திருக்கிறோம். அதற்குள் டிசைனர் எங்கள் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்ற குறியைப் போட்டுவிட்டார். சரியா?
- வாசகர், கோவை

பதில்: தவறு, உடனே நீக்கச் சொல்லுங்கள். பதிவு முடிந்த பிறகே அந்தக் குறியைப் போட வேண்டும். அதற்கு முன்பே போடுவது 1999ஆம் ஆண்டின் வணிகக் குறி (டிரேட் மார்க்) சட்டத்தை மீறும் செயல். அதுவரை டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம். டிசைன் நிறுவனமே விண்ணப்பித்துக் கொடுத்திருந்தால், உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதையும், வெப்சைட் டொமைன் (இணையதள முகவரி) யார் பெயரில் வாங்கப்பட்டிருக்கிறது என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள்.