ஆஸ்திரேலியாவின் ஹெக்ஸ் கல்விக் கடன்: வங்கிக் கடனிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

முக்கிய வேறுபாடு, தவணையை நாள்காட்டி தீர்மானிப்பதில்லை, சம்பளம்தான் தீர்மானிக்கிறது. 1974-இல் ஒழிக்கப்பட்ட பல்கலைக்கழகக் கட்டணம், 1989-இல் ஆண்டுக்கு 1,800 டாலராக இந்த வடிவில் திரும்பியது. பொருளியலாளர் புரூஸ் சாப்மனின் வாதம் எளிது: பட்டத்தால் சமூகத்துக்கும் லாபம், பட்டதாரிக்கும் லாபம், செலவை இருவரும் பகிரட்டும். படிப்பை அடமானமாக எடுக்க முடியாது என்பதால் வங்கிகள் ஏழை மாணவரைத் தவிர்க்கும். அந்த இடத்தில் அரசு நிற்கிறது.

2025-26 வரியாண்டில், 67,000 டாலர் வரை சம்பாதித்தால் எதுவும் கட்ட வேண்டாம். அதற்கு மேல் 1,25,000 வரை, கூடுதல் தொகையில் மட்டும் 15%. சம்பளம் 80,000 என்றால், 13,000-க்கு 1,950 டாலர். முந்தைய முறையில் வரம்பை ஒரு டாலர் தாண்டினாலும் மொத்தச் சம்பளத்துக்கும் விகிதம் பாயும். அதனால் வரம்புக்குக் கீழேயே வருமானத்தை நிறுத்திக்கொள்ளும் போக்கு இருந்தது. தாமதமான திருத்தம்தான்.

வட்டி கிடையாது, ஆனால் ஜூன் 1 அன்று பணவீக்கத்துக்கேற்பக் கடன் ஏறும். 2023-இல் 7.1% ஏறியதும் கொந்தளிப்பு. பிறகு விலை உயர்வு, ஊதிய உயர்வு இரண்டில் குறைந்ததே உச்சவரம்பு என்று மாற்றினார்கள். இங்கே பலர் ஏமாறுவது: மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த பணம், வரிக் கணக்கு தாக்கல் செய்த பிறகே கடனில் கழியும்; அதற்குள் ஜூன் 1 ஏற்றம் நடந்துவிடும். தானாக முன்வந்து கட்டுபவர்கள் மே மாதத்துக்குள் பணம் வரவாகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கடன் இருப்பதை முதலாளியிடம் சொல்லாவிட்டால், அந்த ஆண்டுக்கான தவணை முழுவதையும் ஆண்டு முடிவில் ஒரே பில்லாகக் கட்ட நேரும்.