மாமா வழக்கில் நான் சாட்சி சொன்னது

கேள்வி: எங்கள் சித்தப்பா கொலை செய்யப்பட்ட வழக்கில் எங்கள் குடும்பத்து ஆட்கள் இரண்டு பேர்தான் எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்). எனக்குச் சாட்சி சம்மன் வந்திருக்கிறது. வீட்டில் எல்லாரும் "போனவர் போய்விட்டார், இருப்பவர்களைக் காப்பாற்று" என்கிறார்கள். இந்த மாதிரி வழக்கு எப்படி நடக்கும்? நான் என்ன செய்ய?

பதில்:

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் பக்கம். என் சின்ன மாமாவை வெட்டிக் கொன்ற வழக்கில் ஒன்றாம் எதிரி என் மூத்த மாமாவின் மகன். இரண்டாம் எதிரி மூத்த மாமா. இறந்தவர் என் அம்மாவின் தம்பி, எதிரிக் கூண்டில் நின்றவர் அம்மாவின் அண்ணன். நான் அரசுத் தரப்புச் சாட்சி. அதனால் உங்கள் வீட்டில் இப்போது என்ன பேச்சு ஓடும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கொலை வழக்கில் ராஜி கிடையாது. வரப்புத் தகராறு, சின்ன அடிதடி என்றால் இரண்டு தரப்பும் சேர்ந்து மனு போட்டு முடித்துக்கொள்ளலாம். கொலை வழக்கை நடத்துவது அரசு. இறந்தவரின் மனைவியே போய் "எனக்கு வழக்கு வேண்டாம்" என்றாலும் கோர்ட் கேட்காது. கொலை போன்ற கொடுங்குற்றங்களைச் சமாதானம் ஆகிவிட்டது என்ற காரணத்துக்காக ரத்து செய்ய முடியாது என்று 2012-ல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்படியானால் வீட்டில் "சமாதானம்" என்று பேசுவது எதை? நீங்கள் கூண்டில் ஏறி, பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும் என்பதைத்தான். அந்தப் பேச்சை அந்தப் பெயரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் விஷயம் ஒரு நடைவழியில் தொடங்கியது. தாத்தாவின் ரப்பர் விளையை (தோட்டத்தை) பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தபோது சின்ன மாமாவின் பங்கு பின்பக்கம் விழுந்தது. பால் வெட்டப் போகவும் ஷீட் எடுத்து வரவும் மூத்த மாமாவின் முற்றத்தை ஒட்டித்தான் போக வேண்டும். பத்திரத்தில் வழி எழுதியிருந்தது, எத்தனை அடி அகலம் என்று எழுதவில்லை. நம் மாவட்டத்தில் நிலம் சென்ட் கணக்கில்தான் கைமாறுகிறது. ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு சென்ட் என்று பிரியும்போது ஓரடி மண்கூட உயிராகிவிடுகிறது. வேலி கட்டுவதும் பிடுங்குவதுமாக வருஷக்கணக்கில் நடந்தது. ஸ்டேஷனில் இரண்டு தரப்பும் மாறி மாறிப் புகார் கொடுத்திருந்தார்கள். பின்னால் அந்தப் புகார்கள்தான் கொலைக்கான முகாந்திரத்துக்கு ஆவணங்கள் ஆயின.

கொலை நடந்த அன்று ராத்திரி சத்தம் கேட்டு நான் எங்கள் அடுக்களை ஜன்னல் வழியே பார்த்தேன். கிணற்றடியில் அத்தான், அதாவது மூத்த மாமாவின் மகன், வெட்டோத்தியை (வெட்டரிவாளை) கழுவிக்கொண்டிருந்தார். மேலில் சட்டை இல்லை, சாரம் (கைலி) நனைந்திருந்தது. மூத்த மாமா அவர் வீட்டுப் படியில் டார்ச் லைட்டோடு நின்றார். என்னவோ சொன்னார், என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. நான் பார்த்தது அவ்வளவுதான். வெட்டினதைப் பார்க்கவில்லை.

பிரேதப் பரிசோதனை ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. மறுநாளே அத்தானைப் பிடித்துவிட்டார்கள். அவர் காட்டிய இடத்தில், ரப்பர் மரத்து மூட்டில், வெட்டோத்தியை எடுத்தார்கள். கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் மகஜரில் (அந்த இடத்திலேயே போலீஸ் எழுதும் பதிவில்) சாட்சிகளாகக் கையெழுத்துப் போட்டார்கள். போலீசிடம் எதிரி கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அதைக் கொண்டு ஒரு பொருளைக் கண்டெடுத்தால், கண்டெடுப்புக்குக் காரணமான அந்தப் பகுதி மட்டும் செல்லும். கொலை வழக்கில் அந்த மகஜர் சாட்சிகளை அவ்வளவு நேரம் குறுக்கு விசாரணை செய்வது இதனால்தான்.

உங்களிடம் போலீஸ் எடுத்த வாக்குமூலம் வேறு, மாஜிஸ்திரேட் முன்னால் கொடுத்தது வேறு. போலீஸ் விசாரணையில் சொன்னதில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. அதை நேரடிச் சாட்சியமாக எடுக்கவும் முடியாது. கோர்ட்டில் நீங்கள் மாற்றிச் சொன்னால் முரண்பாட்டைக் காட்ட மட்டுமே அது பயன்படும். மாஜிஸ்திரேட்டிடம் சத்தியப் பிரமாணம் எடுத்துச் சொன்னது அப்படியல்ல, அதில் உங்கள் கையெழுத்து இருக்கும். ஊரில் இதை இன்னும் 164 வாக்குமூலம் என்றுதான் சொல்கிறார்கள். புதிய சட்டத்தில் அது 183ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடந்த கொலை என்றால், கொலைக்கான பழைய 302ஆம் பிரிவும் 103 ஆகிவிட்டது. எண்தான் மாறியதே தவிர, தண்டனை அதே மரணம் அல்லது ஆயுள்தான். என்னிடம் மாஜிஸ்திரேட் வாக்குமூலம் வாங்கியிருந்தார்கள். அம்மாவிடம் வாங்கவில்லை.

வழக்கின் மிகக் கஷ்டமான காலம் விசாரணை நாள் அல்ல. எதிரிகள் ஜாமீனில் வெளியே வந்ததிலிருந்து சாட்சி சம்மன் வரும் வரை உள்ள காலம்தான். ஒரே விளைக்குள் நாங்களும் அவர்களும். மூத்த மாமா தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட எங்கள் முற்றம் வழியாகத்தான் போவார். கல்யாண வீடு, சாவு வீடு என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்காருவார். மூத்த மாமி ஒருநாள் என்னிடம், "ஒனக்கு இனியும் ஒரு கல்யாணம் நடக்கணும் பிள்ளை, ஓர்மை வச்சுக்கோ" என்றார். அதட்டாமல், தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது.

உங்களுக்கும் இப்படி நடந்தால், சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம் என்பது ஞாபகத்தில் இருக்கட்டும். அதைக் காட்டி ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில், மாவட்ட நீதிபதி தலைமையில் உள்ள குழுவுக்கு மனு கொடுக்கலாம். சொந்தக்காரர் மேல் எப்படி மனு கொடுக்க என்று கூச்சப்படாதீர்கள். அந்தக் கூச்சத்தை நம்பித்தான் பாதி மிரட்டல் நடக்கிறது.

அம்மாவின் சாட்சி எனக்கு முன்னால் நடந்தது. நாகர்கோவில் செஷன்ஸ் கோர்ட். ஒருவர் சாட்சி சொல்லும்போது அடுத்த சாட்சி உள்ளே இருக்கக் கூடாது, அதனால் நான் வராந்தாவில் ஆச்சி பக்கத்தில் நின்றேன். ஆச்சிக்கு இறந்தவரும் மகன், எதிரியும் மகன், ஒன்றாம் எதிரி பேரன். அவருடைய பெயரும் சாட்சிப் பட்டியலில் இருந்தது. கடைசியில் அரசு வழக்கறிஞர் அவரை விசாரிக்கவில்லை. அந்த ஒரு இரக்கத்துக்காக அந்த வழக்கறிஞரை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

உள்ளே அம்மா "எனக்கு ஒன்றும் தெரியாது, போலீசில் என்னை விசாரிக்கவே இல்லை" என்று சொல்லிவிட்டாள். பிறழ் சாட்சி என்று அறிவித்து அரசு வழக்கறிஞரே குறுக்கு விசாரணை செய்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "ரெண்டும் எனக்க கூடப்பொறந்தது மக்களே, ஒண்ணு போச்சு, மத்ததையும் நானே அனுப்பட்டா?" என்றாள். அவளை நான் குறை சொல்லவில்லை, யாரும் சொல்ல விடவும் மாட்டேன். ஆனால் அதே காரணம் எனக்குப் பொருந்தாது என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. சின்ன மாமாவுக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அப்போது அவள் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சாட்சி பிறழ்ந்தால் வழக்கு விழுந்துவிடும் என்பது தவறு. பிறழ் சாட்சி சொன்னதிலும் நம்பத்தக்க பகுதியைக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். சொந்தக்காரர் என்பதற்காகவும் சாட்சியைத் தள்ள முடியாது. நெருங்கிய சொந்தம் பொதுவாக உண்மையான குற்றவாளியை விட்டுவிட்டு வேறொருவரை மாட்டிவிட மாட்டார்கள் என்று 1953-லேயே தலிப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

என் முறை வந்தது. டவாலி பெயரைக் கூப்பிட்டார், பிரமாணம் எடுத்தேன். முதல் விசாரணை சீக்கிரம் முடிந்தது. குறுக்கு விசாரணையில்தான் எதிர்த்தரப்பு வக்கீல் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது? கம்பியா, கண்ணாடியா? நடுவில் வாழை நின்றதா? எத்தனை மூடு? கிணற்றடியில் பல்பு இருந்தது என்கிறீர்களே, போலீஸ் தயாரித்த பார்வை மகஜரில் வீட்டுத் திண்ணையில் உள்ள பல்பு மட்டும்தானே எழுதியிருக்கிறது? உண்மைதான், அவர்கள் கிணற்றடி பல்பை எழுதாமல் விட்டிருந்தார்கள். நான் "மகஜரில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது, பல்பு எரிந்தது, அதன் வெளிச்சத்தில் பார்த்தேன்" என்றேன். அந்த ராத்திரி மின்சாரம் இருந்தது என்று சொல்ல மின்வாரியத்திலிருந்தும் ஒரு சாட்சி வந்திருந்தார். அவர் எதற்கு வந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கடைசியில் எதிர்த்தரப்பு வக்கீல் வரிசையாக யோசனைகள் சொல்வார், அதாவது நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்பது போன்ற தன் தரப்புக் கூற்றுகளை உங்கள் முன் வைப்பார். நீங்கள் மறுப்பதை "எதிரிகளுடன் இருந்த நிலத் தகராறு காரணமாகப் பொய்ச்சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல" என்று தட்டச்சு செய்வார்கள். கோபப்படாதீர்கள், அது அவர் வேலை. எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடும் முன் தட்டச்சான தாளை வாசியுங்கள். தவறாகப் பதிவாகியிருந்தால் அங்கேயே நீதிபதியிடம் சொல்லலாம். அலுத்துப்போய் வாசிக்காமல் போடுகிறவர்கள்தான் அதிகம்.

இனி நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். மூத்த மாமா படியில் நின்று "வெட்டுலே" என்று சத்தம் போட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதை நான் கேட்டதாகச் சொன்னால் அவரும் மாட்டுவார். இரண்டு பேரும் ஒரே எண்ணத்தோடு செய்தார்கள் என்று நிரூபிக்கத்தான் பழைய 34ஆம் பிரிவு. சும்மா அங்கே நின்றார் என்பது அதற்குப் போதாது. சின்ன மாமி என்னிடம் கெஞ்சினார். அவருக்கு அது உண்மை என்று உறுதியான நம்பிக்கை. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று இன்றும் தோன்றுகிறது. ஆனால் என் காதில் அந்த வார்த்தை விழவில்லை. "ஏதோ சொன்னார், என்னவென்று கேட்கவில்லை" என்றே சொன்னேன்.

தீர்ப்பில் அத்தானுக்கு ஆயுள் தண்டனை. மூத்த மாமாவுக்குச் சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை. மூத்த மாமா குடும்பம் என்னோடு பேசுவதில்லை. சின்ன மாமியும் ரொம்ப நாள் பேசவில்லை. இரண்டு பக்கமும் கெட்ட பெயர் வாங்கினேன். இன்று கூப்பிட்டாலும் அதையேதான் சொல்வேன். நான் கேட்காததை ஒரு வார்த்தை சேர்த்திருந்தால், அந்த வக்கீல் முப்பது அடிக்கு அப்பால் சொன்னது எப்படிக் கேட்டது என்று பிடித்து, நான் பார்த்ததையும் சேர்த்துப் பொய்யாக்கியிருப்பார். அதைவிட, கூடப் பிறந்தவர்களுக்குள் நடந்த வழக்கில் கோர்ட் ஒவ்வொருவரையும் தனித்தனியாக எடைபோட வேண்டும், நம் கோபத்தை மொத்தமாக எடைபோடக் கூடாது. நம் மாவட்டத்தில் எல்லாரும் பேசிய, ஒரு பெண் காதலனுக்குக் கஷாயத்தில் விஷம் கொடுத்துக் கொன்ற பாறசாலை வழக்கையே பாருங்கள். கஷாயம் கொடுக்கப்பட்ட வீடு இருந்தது நம் எல்லைக்குள், வழக்கு நடந்தது கேரளத்து நெய்யாற்றின்கரையில். 2025 ஜனவரியில் அந்தப் பெண்ணுக்கு மரண தண்டனை, தடயத்தை மறைத்ததற்காக அவர் மாமாவுக்கு 3 ஆண்டு, ஆதாரம் போதாமல் தாயாருக்கு விடுதலை. ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று முடிவு.

விடுதலை பிடிக்கவில்லை என்றால் இறந்தவரின் வாரிசு தாமே மேல்முறையீடு செய்யலாம், அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். 2009-ல் வந்த திருத்தத்திலிருந்து அந்த உரிமை இருக்கிறது. எங்களுக்கு மேல்முறையீடு என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. சின்ன மாமி போகவில்லை. அத்தான் தரப்பு போயிருக்கிறார்கள், நிலுவையில் உள்ளது.

சொத்து பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் அதுதான். இந்துக் குடும்பம் என்றால், 1956 வாரிசுரிமைச் சட்டம் 25ஆம் பிரிவின்படி, கொன்றவரும் அதற்கு உடந்தையாக இருந்தவரும் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. உங்கள் சித்தப்பாவின் மனைவி, பிள்ளைகளிடம் இப்போதே யாராவது விடுதலைப் பத்திரத்தில் (சொத்தில் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில்) கையெழுத்து வாங்க முயற்சி செய்தால், அதைத் தடுக்கப் பாருங்கள். எங்கள் வீட்டில் கருமாதி முடிவதற்குள்ளேயே தாளோடு வந்தார்கள். குழந்தைகளுக்கு இழப்பீடு கேட்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். இலவசம்தான், வக்கீல் வேண்டியதில்லை. சின்ன மாமி மகளின் படிப்புச் செலவுக்கு அந்தப் பணம்தான் முதலில் கைகொடுத்தது.

அப்புறம், சம்மனில் உள்ள தேதிக்குக் கட்டாயம் போங்கள். போகாவிட்டால் வாரண்ட் வரும். வாய்தா ஆகித் திரும்ப வேண்டி வரலாம், அதற்காகச் சலித்து அடுத்த முறை நிற்காதீர்கள். போக்குவரத்துப் படி கேட்டால் கிடைக்கும். முந்தின நாளே அரசு வழக்கறிஞரைப் போய்ப் பாருங்கள். தப்பே இல்லை, எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கேட்டாலும் "ஆமாம், பார்த்தேன்" என்று சொல்லுங்கள். முடிந்தால் வீட்டுப் பேச்சில் கலந்துகொள்ளாத ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். என்னோடு வந்தது என் பள்ளிக்கூடத் தோழி. சாட்சி முடிந்து வெளியே வந்தபோது பேசுவதற்கு அந்த வராந்தாவில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.