பட்டறைப் பதில்கள்: கொட்டிலில் நிற்கும் சி-70

கேள்வி: அப்பாவின் ஹொண்டா சி-70 மோட்டார் சைக்கிள் பல வருடமாகக் கொட்டிலில் நிற்கிறது. கிக்கர் அசைவதே இல்லை. போர்க்காலத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி. முதலில் பெயின்ற் அடித்துவிட்டு, அப்புறம் இஞ்சினைப் பார்க்கலாமா? வீட்டிலேயே செய்ய ஆசை. – வாசகர், மல்லாவி

பதில்: தம்பி, பெயின்ற் பேணியை மூடி வையும். ஓடாத வண்டிக்குப் பூச்சு எதற்கு? இஞ்சின் வேலையில் பெற்றோல் சிந்தும், ஸ்பானர் வழுக்கும். புதுப் பெயின்ற் அதோடு போய்விடும். என்னைக் கேட்டால், அப்பா ஓடிய வண்டியின் பழைய நிறத்தைக் கழுவித் துடைத்து அப்படியே விடுவேன்.

கிக்கரில் ஏறி மிதிக்கவும் வேண்டாம். பிஸ்டன் றிங்குகள் துருப்பிடித்துச் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். மிதித்தால் கிக்கர் பல்லுத்தான் உடையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசலும் இஞ்சின் ஒயிலும் சரிபாதி கலந்து ஓட்டைக்குள் விட்டு, பிளக்கை லேசாகப் பூட்டும். இந்த இஞ்சினில் சிலிண்டர் முன்பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறது. அதனால் முன்சில்லை உயர்த்தி வைத்தால்தான் ஒயில் பிஸ்டன் பக்கம் இறங்கும். ஒரு கிழமை பொறும். பிறகு பிளக்கை எடுத்துவிட்டு, இடப்பக்க மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளைவீல் என்ற சுழல்சில்லை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டும். மயிரிழை அசைந்தாலே போதும். திரும்ப ஒயில் விட்டு ஆட்டிக்கொண்டே இரும்.

அந்த மூடியின் ஸ்குறூக்கள்தான் ஆளைச் சோதிக்கும். ஜப்பான்காரனின் ஸ்குறூவுக்கும் நம் கடை ஸ்டார் டிரைவருக்கும் ஒத்துப்போகாது. முனை வழுக்கி, தலையைத் தின்றுவிடும். சுத்தியலால் அடிக்க அடிக்கத் திருகும் இம்பக்ட் டிரைவர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கும்.

இனி மண்ணெண்ணெய்க் கதை. சூப்பிப் போத்தலால் கொஞ்சம் பெற்றோல் விசிறி ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடித் திரிந்தவர்கள் நாங்கள். ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் என்றாலும் சி-70 என்றாலும் அதே பாடுதான். பெற்றோல் மாதிரி மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, இஞ்சின் ஒயிலையும் தண்ணியாக்கிவிடும். தேய்வு அங்கேதான் தொடங்குகிறது. ஹெட்டைத் திறந்தால் பிஸ்டன் தலையிலும் புகை வால்விலும் சோற்றுப்பானை அடிபோலக் கரி அப்பியிருக்கும். இரும்பால் சுரண்ட வேண்டாம். மண்ணெண்ணெயில் ஊறவிட்டு மூங்கில் சிம்பால் எடும். பிறகு சிலிண்டரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் தடவிப் பாரும். நகம் ஒரு படியில் தட்டினால் போர் அடிக்க வேண்டும், அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்க வேண்டும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொனக்டிங் றொட்டைப் பிடித்து நீளவாக்கில் இழுத்தும் பாரும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். நீளவாக்கில் ஆடினால் கிராங்கைப் பட்டறைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். அது வீட்டு வேலை இல்லை.

பிஸ்டனைக் கையில் வாங்கின பிறகே சிலிண்டரைப் போர் அடிக்கக் கொடும். அசல் அளவு 47 மி.மீ.; அதற்கு மேல் 0.25, 0.50 என்று ஏறிப் போகும். போர் அடித்துவிட்டு அந்த அளவுப் பிஸ்டனைத் தேடி வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அலைந்தவர்கள் பலர். பூட்டும்போது பிளைவீலின் ‘ரீ’ குறியும் வால்வுகளை இயக்கும் கம் ஸ்புறொக்கற்றின் (பல்சில்லின்) வட்டக் குறியும் ஒரே நேரத்தில் தத்தம் அடையாளத்துக்கு நேரே நிற்க வேண்டும். வால்வைத் தள்ளும் ரப்பெற்றின் இடைவெளி, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, 0.05 மி.மீ.; பிளக்கின் தீப்பொறிக்கு மின்சாரத்தை வெட்டிவிடும் போயின்ற்றின் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. வரை.

கேள்வி: இவர் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்து விறாந்தை முழுக்கப் பரப்பியிருக்கிறார். என்னுடைய பால்மாப் பேணிகள், கறிச்சட்டி எல்லாம் போய்விட்டன. எப்போது முடியும்? – வாசகி, பரந்தன்

பதில்: தங்கச்சி, கறிச்சட்டியைத் திருப்பி வாங்கும். பேணிகள் நல்ல காரியத்துக்குத்தான் போயிருக்கின்றன, விட்டுவிடும். ஒரு பேணிக்கு ஒரு பகுதிச் சாமான் என்றிருந்தால் அவர் கெட்டிக்காரர். மூடியின் உருவத்தை மட்டையில் கீறி, எந்த ஸ்குறூ எந்த ஓட்டையோ அந்த இடத்தில் குத்தி வைக்கவும் சொல்லும். ஸ்குறூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் கட்டை ஓட்டையில் முறுக்கினால் அலுமினியம் வெடிக்கும். சாமான் கழுவ மண்ணெண்ணெய் போதும். பெற்றோல் சட்டியை அடுப்பிருக்கும் பக்கம் அண்டவே விடாதையும்.

எப்போது முடியும் என்று கேட்டால், மாரிக்கு முதல் என்பார். எந்த மாரி என்று கேட்டு வையும்.

கேள்வி: பழைய வண்டி ஒன்று வாங்கினேன். பதிவுப் புத்தகம் இல்லை, இடம்பெயர்வில் தொலைந்ததாம். என்ன செய்யலாம்? – வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: சேசி இலக்கத்திலும் இஞ்சின் இலக்கத்திலும் சாண்கடதாசி படக்கூடாது. இரண்டையும் படம் எடுத்துக்கொண்டு, விற்றவரையும் கூட்டிக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய்க் கேளும். சாமானுக்குக் காசு இறைப்பது அதற்குப் பிறகு. அதுவரை வளவுக்குள் தள்ளித் திரியலாம். றோட்டுக்கு எடுக்க வேண்டாம்.