ஒரு நாள் கோவைக்கு இறங்குகிறீர்களா? நுகர்வோர் கேள்வி-பதில்

அரையாண்டு விடுமுறை நெருங்கினால் போதும், நீலகிரி மலையிலிருந்து வரும் கடிதங்களில் பாதி 'கீழே' போவதைப் பற்றித்தான் இருக்கும். சமவெளிக்காரர்கள் குளிரைத் தேடி மேலே வருகிறார்கள். நாம் உறைபனிக்குத் தப்பி ஒரு நாள் வெயில் காயவும், பிள்ளைகளுக்கு எஸ்கலேட்டர் காட்டவும் கோவைக்கு இறங்குகிறோம். இந்த வாரம் அந்தக் கேள்விகள் மட்டும்.

கேள்வி: நாங்கள் கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். நான், வீட்டுக்காரர், மாமியார், ஒன்பது வயதுப் பையன், நாலு வயதுப் பெண். லீவில் ஒரு நாள் கோவை போக நாலாயிரம் ரூபாய் எடுத்து வைத்திருக்கிறோம். கார் பேசிக்கொண்டால் வ.உ.சி. ஜூ, ஜி.டி. நாயுடு மியூசியம், மால், சினிமா, துணி எடுக்க ஒப்பணக்கார வீதி எல்லாம் முடித்துவிடலாம் என்கிறார் அவர். நடக்குமா அண்ணா?

நடக்காது அம்மா. முதலில், அந்த ஜூவே இப்போது இல்லை. 2022-இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்துவிட்டது, விலங்குகளும் வேறு இடங்களுக்குப் போய்விட்டன. புலி காட்டுகிறேன் என்று பாப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மீதிப் பட்டியலே இரண்டு நாள் வேலை. மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்குப் பணத்துக்கு முன்னால் தீர்ந்துபோவது நேரம்தான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோவை ஏறக்குறைய 35. வளைவுகளில் இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். கணக்கு தப்புவது கீழே, சமதளத்தில். காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர், கவுண்டம்பாளையம் என்று ஒவ்வொரு ஊரிலும் வண்டி நின்று நின்று போகும். கார் பேசினாலும் இதே கதிதான், கூடவே காத்திருப்பு வாடகை.

அதனால் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவைக்குப் பாசஞ்சர் ரயிலைப் பிடியுங்கள். பஸ் நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் அதிக தூரம் இல்லை. டிக்கெட் ஒரு டீ, வடை காசுக்குள் அடங்கும், முக்கால் மணி நேரம் முன்பின் ஆகும். வண்டிகள் அடிக்கடி கிடையாது, அதனால் நேரத்தை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை, எனவே பாப்பாவுக்குச் செலவே கிடையாது. பையனுக்கு அரை டிக்கெட். கோவைக்குள் சாதாரண டவுன் பஸ்ஸில் உங்களுக்கும் மாமியாருக்கும் இலவசம்.

திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இருட்டுவதற்கு முன் மேட்டுப்பாளையத்தில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கோவையில் உங்களுக்குக் கிடைப்பது ஆறு மணி நேரம், மிஞ்சினால் ஏழு. அதற்குள் நகரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள்.

அவிநாசி சாலைப் பக்கம் போனால் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகமும் அதையொட்டிய கார் அருங்காட்சியகமும் இருக்கின்றன. அதே சாலையில் இன்னும் தள்ளி, கொடிசியா பக்கம், மண்டல அறிவியல் மையம். ஒன்பது வயதுப் பையனுக்கு இது போதும். ஆட்டோவில் போனால் 2025 அக்டோபரில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்தில் ஏறிவிட வேண்டாம், கீழ்ச் சாலையிலேயே போகச் சொல்லுங்கள். மியூசியம் கீழேதான் இருக்கிறது. கார் அருங்காட்சியகத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை.

இன்னொரு பக்கம் ஆர்.எஸ்.புரம். அங்கே 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம், கொஞ்சம் தள்ளி ஒரு மால். காஸ் நல்ல இடம்தான். ஆனால் அங்கே பாடம் செய்து நிறுத்தியிருக்கும் காட்டெருமையைப் பார்த்து உங்கள் பையன் வாயைப் பிளக்கப்போவதில்லை. சாயங்காலமானால் உங்கள் தேயிலைக் காட்டில் உயிரோடு நிற்கிறதே! அரசு இடம் என்பதால் டிசம்பர் 25, ஜனவரி 1 மாதிரி அரசு விடுமுறை நாட்களில் நம்பிப் போகக் கூடாது. போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் காலையில் கார் மியூசியம், மத்தியானச் சாப்பாடு, பிறகு காந்திபுரத்தில் பழைய மத்திய சிறை நிலத்தில் 2025 நவம்பரில் திறந்த செம்மொழிப் பூங்கா. பூ பார்க்க நாம் கீழே இறங்க வேண்டுமா என்று மாமியார் கேட்பார். கேட்கட்டும். நம் ஊரில் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது சமதளம், அங்கே அது 45 ஏக்கர். பாப்பா ஓடும், பெரியவர் உட்காருவார். சினிமாவையும் துணிக்கடையையும் இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாயிரத்தைத் தின்பது நுழைவுச்சீட்டு இல்லை, ஆட்டோவும் மாலில் உள்ள விளையாட்டுக் கூடமும்தான். அந்தக் கூடங்களில் பணத்தை நேரே வாங்க மாட்டார்கள், ஒரு கார்டில் ஏற்றச் சொல்வார்கள். ஏற்றும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: கார்டுக்குத் தனிக் காசா? மிச்சம் இருந்தால் திருப்பித் தருவீர்களா? பெரும்பாலும் தர மாட்டார்கள். மறுபடி வரும்போது பயன்படுத்தலாம் என்பார்கள், நாம் மறுபடி வருவது அடுத்த லீவுக்குத்தான். சிறிய தொகையாக ஏற்றுங்கள்.

ஸ்வெட்டர் விஷயம் யாரும் யோசிப்பதில்லை. விடியற்காலை ஐந்து பேரும் ஸ்வெட்டர், மங்கி குல்லா, மப்ளரோடு கிளம்புவீர்கள். பதினோரு மணிக்குக் கோவை வெயிலில் அத்தனையும் ஒரே ஆள் கையில் இருக்கும், அந்த ஆள் நீங்கள்தான். பெரிய கட்டைப்பை ஒன்று கொண்டுபோய்ச் சுருட்டி வையுங்கள். சாயங்காலம் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும் முன்பே பாப்பாவுக்குப் போட்டுவிடுங்கள். பாதி மலையில் தூங்கிவிட்ட பிள்ளையின் கையை ஸ்வெட்டருக்குள் நுழைக்கும் பாடு உங்களுக்குத் தெரியாததா? காலைச் சாப்பாட்டையும் இறங்கிய பிறகே வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைய இட்லியோடு வளைவுகளில் இறங்கினால் நாள் அங்கேயே கெட்டுவிடும்.

கேள்வி: குன்னூரிலிருந்து எழுதுகிறேன். போன லீவில் கோவையில் ஒரு மல்டிபிளெக்ஸுக்குக் குடும்பத்தோடு போனோம். வீட்டிலிருந்து கொண்டுபோன முறுக்கை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள், கைக்குழந்தையின் கஞ்சியைக்கூட விட யோசித்தார்கள். உள்ளே தண்ணீர் பாட்டிலில் போட்டிருந்த விலைக்கு மேல் வாங்கினார்கள். இதெல்லாம் சரியா?

முறுக்கு விஷயத்தில் அவர்கள் பக்கம்தான் சட்டம். வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில், நல்ல குடிநீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும், பெற்றோர் கைக்குழந்தைக்கு உணவு கொண்டுபோவதைத் தடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. கஞ்சிக்குத் தயங்கினால் மேனேஜரைக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள். பாட்டில் வாங்கும் முன் குடிநீர்க் குழாய் எங்கே என்று கேளுங்கள்.

பாட்டில் விலையில் இரண்டு வகை உண்டு. ஒரே பொருளுக்கு வெளியே ஒரு எம்.ஆர்.பி., மாலுக்குள் இன்னொரு எம்.ஆர்.பி. என்று அச்சடிப்பது 2018 ஜனவரி 1 முதல் கூடாது. அச்சிட்ட விலைக்கு மேல் கவுண்டரில் வாங்குவதும் தவறு. ஆனால் ஹோட்டலில் உட்கார்ந்து, பரிமாறச் சொல்லிக் குடித்தால் கணக்கு வேறு. அங்கே சேவையும் சேர்ந்திருப்பதால் கூடுதலாக வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாப்கார்ன் மாதிரி அங்கேயே பொரித்துத் தருவதற்கு எம்.ஆர்.பி. என்பதே கிடையாது. வாங்காமல் இருப்பதுதான் ஒரே வழி, பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும்.

பாட்டிலையும் பில்லையும் ஒன்றாக வைத்துப் படம் எடுத்திருந்தால், சட்டமுறை எடையளவுப் பிரிவுக்கு, அதாவது தொழிலாளர் துறைக்கு, புகார் அனுப்பலாம். பில் இல்லாவிட்டால் வழக்கு நிற்பது கஷ்டம்.

இன்னொன்று. ஆன்லைனில் டிக்கெட் எடுக்கும்போது படத்தின் சான்றிதழைப் பாருங்கள். 'ஏ' படம் என்றால் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் விட மாட்டார்கள், அம்மா அப்பா கூட இருந்தாலும் சரி. வாசலில் திருப்பி அனுப்பினால் டிக்கெட் காசும் போனதுதான்.

கேள்வி: உதகையில் கல்லூரியில் படிக்கிறேன். கோவை கிராஸ் கட் ரோட்டில் ஒரு கடையில் ஷூ வாங்கினேன். ஒரே வாரத்தில் அடிப்பகுதி கழன்றுவிட்டது. போனில் கேட்டால், "பில்லிலேயே போட்டிருக்கிறது, விற்ற பொருள் வாபஸ் இல்லை. வேண்டுமானால் நேரில் வா, பார்க்கலாம்" என்கிறார்கள். போய் வரும் செலவே ஷூ விலையில் பாதி ஆகிவிடும்.

தங்கச்சி, அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் கால அளவு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் முப்பது நாளுக்குள். பில் தர மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்பதற்கு இது செல்லாது. உன் ஷூ பிய்ந்திருக்கிறது, அது குறைதான்.

கழன்ற இடம் தெரியும்படி படம் எடு. பில்லின் படத்தோடு, வாங்கிய தேதி, கழன்ற தேதி, வேண்டுவது மாற்று ஷூவா பணமா என்று நாலே வரியில் கடைக்கு வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்பு. போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்கள் கடைக்காரரிடம் பேசுவார்கள், நிறைய விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நம் மலைக்காரர்கள் பலருக்குத் தெரியாதது இதுதான்: கோவையில் வாங்கிய பொருளுக்கு வழக்குப் போடக் கோவைக்குப் போக வேண்டியதில்லை. நீ குடியிருக்கும் இடத்திலேயே, உதகையிலேயே போடலாம். பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை, 2019 சட்டத்தில்தான் வந்தது. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். உதகையில் வழக்கு என்றால் மலை ஏறி வர வேண்டியது அந்தக் கடைக்காரர். இதை உன் நாலு வரியோடு ஐந்தாவது வரியாகச் சேர்த்துவிடு.

கேள்வி: ஹோட்டல் பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' பத்து சதவீதம் போட்டிருந்தார்கள். கட்டாயமா? (வெலிங்டன்)

இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்றது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பணம் கட்டும் முன் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. வேறு, அது கட்ட வேண்டிய வரி. ஆனால் பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணே இல்லாமல் வரி போட்டிருந்தால் கேள்வி கேட்கலாம்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரரின் சொந்தக் காரை வாடகை பேசிக் கோவை போகலாமா? மஞ்சள் போர்டு டாக்சியைவிட ஆயிரம் ரூபாய் குறைகிறது. (கேத்தி)

ஓன் போர்டு காருக்கு எடுத்த இன்சூரன்ஸ், அதை வாடகைக்கு ஓட்டும்போது நடக்கும் விபத்துக்குக் கைகொடுக்காது. மலைப்பாதையில் அந்த ஆயிரம் ரூபாய்க்காக அவ்வளவு பெரிய ஆபத்தை வாங்க வேண்டாம். மஞ்சள் போர்டிலேயே நம் மாவட்டப் பதிவு, அதாவது டி.என். 43 வண்டியாகப் பாருங்கள். கோவை வண்டியைப் பிடித்துத் திரும்பினால், வெளி மாவட்ட வண்டிகள் நீலகிரிக்குள் வர 2024 மே மாதம் வந்த இ-பாஸ் அதற்கு வேண்டும், ஏறும் முன்பே டிரைவரிடம் கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் குடித்து முடிக்காத ஒரு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் கீழேயே விட்டுவிடுங்கள். நம் மாவட்டத்தில் அந்தப் பாட்டிலுக்கு உள்ள தடை டூரிஸ்டுகளுக்கு மட்டும் இல்லை, நமக்கும்தான். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோனால் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி: பிள்ளைகளுக்காக மலை ரயிலிலேயே கோவைக்கு இறங்கலாமா? (அரவங்காடு)

ஒரே நாளில் முடியாது. உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வண்டி மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் கிளம்புகிறது, கீழே சேரும்போது சாயங்காலம் ஆகிவிடும். கோவையில் உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் தாராளமாகப் போகலாம், முன்பதிவு மட்டும் சீக்கிரம் செய்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து வண்டி ரத்தாவது உண்டு. ரயில்வே ரத்து செய்தால் இ-டிக்கெட்டுக்கு முழுப் பணமும் தானாகவே வந்துவிடும். மழைக்குப் பயந்து நீங்களாக முந்திக்கொண்டு ரத்து செய்தால் கட்டணம் பிடிப்பார்கள், அதனால் அறிவிப்பு வரும்வரை பொறுத்திருங்கள்.