‘தி ஹே வெய்ன்’ ஓவியத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணம் பழகுவோருக்கு

ஜான் கான்ஸ்டபிள் 1821ஆம் ஆண்டு தீட்டிய ‘தி ஹே வெய்ன்’, இங்கிலாந்தின் ஸ்டூர் ஆற்றில் மாலைக்குச் சாயாத வெளிச்சத்தில் நிற்கும் ஒரு குதிரை வண்டியைக் காட்டுகிறது. அதை நகலெடுத்துப் பழகும் வாசகர்கள் சிலரின் கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கடையில் 24×18 அங்குல கான்வாஸ்தான் கிடைத்தது. அப்படியே நகலெடுப்பதற்கான கட்டம் போடலாமா?

கூடாது. லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள மூல ஓவியம் 185.4 செ.மீ. அகலமும் 130.2 செ.மீ. உயரமும் உடையது, அந்த விகிதப்படி 24 அங்குல அகலத்துக்கு ஏறத்தாழ 17 அங்குல உயரமே வரும். மேல்விளிம்பில் ஓர் அங்குலத்தை நாடா ஒட்டி ஒதுக்கிவிடுங்கள். அகலத்தில் எட்டும் உயரத்தில் ஆறுமாகக் கட்டங்கள் போதும். கட்டம் நெருங்கினால் கை கோடுகளைத் துரத்துமே தவிர, மரத்திரளும் வானமும் எவ்வளவு இடம் கொள்கின்றன என்பதைக் கண் கவனிக்காது.

என் பச்சைகள் எல்லாம் பச்சையாகவே கத்துகின்றன. ஏன்?

வெள்ளைக் கான்வாஸில் நேரடியாகத் தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பர்ன்ட் சயன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தை, எண்ணெய் வண்ணத்தை நீர்க்கச் செய்யும் டர்பெண்டைனில் கரைத்து மெல்லிய பூச்சாகப் பூசிக் காயவிட்டபின் தொடங்கினால், இடையிடையே எட்டிப்பார்க்கும் அந்தச் செம்பழுப்பே பச்சையை அடக்கும். நீலமும் மஞ்சளும் கலந்த பச்சையிலும் சிறிது செம்பழுப்பைச் சேருங்கள். குதிரைகளின் சேணத்தில் தெரியும் சிறு சிவப்பைக் கடைசியில் வையுங்கள். அது விழுந்த பிறகுதான் சுற்றியுள்ள பச்சை தன் இயல்பான வலுவோடு தெரியும்.

வண்டியில் இருப்பவர்கள் மட்டும் ஒட்டவைத்த பொம்மைகள்போல் இருக்கிறார்கள். முகங்களை எவ்வளவு திருத்தியும் பயனில்லை.

முகங்களைத் திருத்துவதுதான் இங்கே தவறு. உங்கள் அளவில் ஒரு தலை சில மில்லிமீட்டர்தான். அதில் கண்ணையும் மூக்கையும் எழுதினால் சுற்றிலும் இல்லாத கூர்மை அங்கே மட்டும் தோன்றி, உருவம் நிலக்காட்சியிலிருந்து பிரிந்து நின்றுவிடும். முதலில் நீரையும், வண்டியையும், நீரில் விழும் வண்டியின் நிழலையும் ஒரே அமர்வில், வண்ணம் ஈரமாக இருக்கும்போதே தீட்டுங்கள். பிறகு மனிதர்களை ஒளிப்பக்கம், நிழல்பக்கம் என இரண்டே திட்டுகளாக வையுங்கள். நிழல்பக்கத்தின் விளிம்பு பின்னணியோடு ஓரிரு இடங்களில் கரைந்துபோகட்டும். இதைச் செய்ய மனம் வராது. எனக்கும் நெடுநாள் வரவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இதே காட்சியின் முழு அளவு எண்ணெய் வண்ண முன்வரைவு இருக்கிறது. அதில் ஆற்றங்கரையில் குதிரைமேல் ஓர் உருவம் உண்டு. இறுதி ஓவியத்தில் அது இல்லை. நாய் மட்டும் கரையில் நின்று வண்டியைப் பார்க்கிறது, நம் பார்வையும் அதன் பின்னே செல்கிறது. நகலில் நாயை ஒரு சிறு காகிதத்தால் மறைத்துப் பாருங்கள். முன்புறக் கரை எவ்வளவு வெறுமையாகிறது என்பது உடனே விளங்கும். அந்த ஒரு சோதனை, பத்து முறை முகம் வரைவதைவிட அதிகம் கற்றுத்தரும் என்பது என் உறுதியான கருத்து.

நகலெடுப்பது நேர்மையா?

‘ஹே வெய்ன்’ தீட்டி இரண்டு ஆண்டுகள் கழித்து, 1823இல், 47 வயதான கான்ஸ்டபிளே இங்கிலாந்தின் கோல்ஆர்டனில் கலைப்படைப்புகளைச் சேகரித்த சர் ஜார்ஜ் போமண்டின் வீட்டில் தங்கி, 17ஆம் நூற்றாண்டு நிலக்காட்சி ஓவியர் கிளாட் லொரேனின் ஓவியங்களை நகலெடுத்தார். உங்கள் நகலின் பின்புறத்தில் ‘கான்ஸ்டபிளைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதி, தேதியும் இடுங்கள்.

நீரிலும் இலைகளிலும் உள்ள வெள்ளைத் தெறிப்புகள் எனக்குச் சேறாகிவிடுகின்றன.

அடிப்பூச்சு ஈரமாக இருக்கும்போதே வைக்கிறீர்கள். கீழ் அடுக்குகளில் டர்பெண்டைன் மிகுதியாகவும் மேல் அடுக்குகளில் ஆளிவிதை எண்ணெய் மிகுதியாகவும் இருக்க வேண்டும். மாறினால் நாளடைவில் மேற்பரப்பு வெடிக்கும். சில நாள் காயவிட்டு, கெட்டியான வெள்ளையைத் தூரிகை நுனியில் எடுத்து, ஒருமுறை தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.