சில புள்ளிகளால் தவறிய சட்டப் பரீட்சைக்கு மீண்டும் ஆயத்தமாவது எவ்வாறு?

கொழும்பு புதுக்கடைச் சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சையில் சில புள்ளிகளால் தவறிய நீங்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை, அவ்வளவு நெருங்கி வந்தவருக்குப் பெரும்பாலும் குறைவது சட்ட அறிவன்று, அதனைச் சம்பவத்துக்குப் பொருத்தும் பயிற்சியே. சந்தேகநபர் ஒருவர் பொலிஸாரிடம் "நானே குத்தினேன், கத்தியைக் கிணற்றடியில் புதைத்தேன்" என்று கூற, கத்தியும் அங்கே அகப்படுகிறது எனக் கொள்வோம். 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவையும் (பொலிஸாரிடம் அளித்த குற்ற ஒப்புதலை விலக்குவது), 27 ஆம் பிரிவையும் (கூற்றின் வழியே ஏதேனும் கண்டுபிடிக்கப்பட்டால் அது தொடர்பான பகுதியை ஏற்பது) ஒப்புவிப்பதோடு பலர் நின்றுவிடுகின்றனர். குத்தியதாகச் சொன்ன பகுதி விலக்கப்படும், கத்தியின் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புற்ற பகுதி மட்டுமே ஏற்கப்படும் என்று கூற்றைப் பிரித்துக் காட்டுபவருக்கே புள்ளி சேரும். ஆகவே பழைய வினாத்தாள்களை நேரம் குறித்துக் கையால் எழுதி (வாசிப்பது எழுதுவதாகாது), சித்தியடைந்த ஒருவரிடம் திருத்தக் கொடுங்கள்.