வாங்கியாச்சு, இப்ப என்ன? பொருள் வீட்டுல, உயிர் சர்வர்ல!

இந்த வாரம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஆப் பிரச்சினைதான். நீளமா இருந்ததையெல்லாம் வெட்டிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கே: வாஷிங் மெஷின் வாங்கப்போறோம். ஆப் வச்சு ஓட்டுறது 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூட. வாங்கலாமா?

ப: துணியை உள்ள போட நீங்கதானே எழுந்து போகணும்? அப்பவே பட்டனையும் அமுக்கிட்டு வந்துடுங்க.

கே: 480 வெள்ளிக்கு ரோபோ வேக்கம் வாங்கி 14 மாசம் ஆச்சு. தயாரிச்ச கம்பெனி சர்வரை மூடிட்டாங்களாம், ஆப் லாகின் ஆகல, மெஷின் நகரவே மாட்டேங்குது. கடைக்காரர் "மெஷின் நல்லாத்தான் இருக்கு, சாஃப்ட்வேருக்கு நாங்க பொறுப்பில்ல"ங்கிறார். (ஈசூன் வாசகி)

ப: அக்கா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. கடைக்காரர் நழுவுறாரு. காசு வாங்கினது அவரு, பதில் சொல்ல வேண்டியதும் அவருதான், தயாரிச்சவன் எந்த ஊர்ல கடையைச் சாத்தினா நமக்கென்ன. லெமன் சட்டம்னு, கோளாறான பொருளுக்கு வித்தவரைப் பொறுப்பாக்குற சட்டம், சிங்கப்பூர்ல 2012 செப்டம்பர்லேருந்து இருக்கு. ஆறு மாசத்துக்குள்ள கோளாறு தெரிஞ்சா விக்கும்போதே இருந்ததாத்தான் எடுத்துக்குவாங்க, இல்லைன்னு கடைக்காரர்தான் நிரூபிக்கணும். உங்களுக்கு 14 மாசம் ஆயிட்டதால அந்த வேலை உங்க தலையில, கஷ்டம்தான், ஆனா விட்டுறாதீங்க. ரசீது, பெட்டியில ஆப் பத்தி என்ன போட்டிருக்கான்னு ஒரு போட்டோ, எரர் வர்ற ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்க. அங்கயும் மசியலைன்னா சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். வக்கீல் வேணாம், உங்க தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளி, ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், இன்னும் 10 மாசம் கையில இருக்கு.

இந்த விஷயத்துல எனக்கு ரொம்ப நாளா ஒரு எரிச்சல், இங்கயே கொட்டிடுறேன். அமெரிக்காவுல ரிவால்வ்னு ஒரு டப்பா வித்தாங்க, 299 டாலர், வீட்டு லைட்டு பூட்டு எல்லாத்தையும் ஒரே ஆப்ல இணைக்கும். கூகுளோட நெஸ்ட் அந்தக் கம்பெனியை வாங்குச்சு, 2016 மே மாசம் சர்வரை நிறுத்துச்சு, டப்பா அன்னிக்கே செத்துப்போச்சு, உள்ள ஒரு வயர்கூட அறுந்துபோகல! நம்ம ஊர்லயே 2024 ஜனவரி ஞாபகம் இருக்கா, பஸ், ரயிலுக்குத் தட்டுற பழைய ஈசி லிங்க் கார்டை எடுத்துட்டு, சிம்ப்ளிகோங்கிற புது முறைக்கு மாறணும்னாங்க. பழைய கார்டுல மீதி கார்டுக்குள்ளயே இருக்கும், கேட்ல தட்டினா தெரியும், புதுசுல மீதி சர்வர்ல, பாக்கணும்னா போனைத் திறக்கணும். ஜனங்க எல்லாம் சத்தம் போட்டதுல ரெண்டே வாரத்துல முடிவை மாத்திக்கிட்டாங்க, பழைய முறையை வச்சிருக்க கூடுதலா 40 மில்லியன் வெள்ளி. ஆனா வேக்கம் கிளீனர் விக்கிறவன் நம்ம சத்தத்துக்கு எங்க மாத்தப்போறான்?

நானும் யோக்கியன் இல்ல. ஹால்ல ஆறு ஸ்மார்ட் பல்பு மாட்டி, பொங்கலுக்கு வந்தவங்க முன்னாடி வாயாலயே லைட்டு போடுறேன்னு பெருமையடிச்சேன், அந்நேரம் பாத்து வைஃபை போச்சு, அத்தை பொறுமையில்லாம சுவிட்சை நாலஞ்சு தடவை தட்ட, பல்பு அத்தனையும் ரீசெட் ஆகி டிஸ்கோ மாதிரி மினுக்க ஆரம்பிச்சுது, இருட்டுல இல்ல, மினுக்குல சாப்பிட்டோம். இப்பல்லாம் கடையில ஒரே கேள்விதான் கேக்குறேன்: "நெட் இல்லாம இது என்ன செய்யும்?" பதில் சொல்லத் தடுமாறினான்னா வெளிய வந்துடுவேன்.

கே: ஆன்லைன்ல 19 வெள்ளிக்கு வாங்கின கேமராவுக்குள்ள யாரோ புகுந்து குழந்தைகிட்ட பேசுறான். பாஸ்வேர்டு மாத்தல, வந்தபடியே விட்டுட்டேன்.

ப: வாசக்கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கிட்டு, திருடன் வந்தான்னா எப்படிங்க? உடனே பிளக்கைப் பிடுங்குங்க, வைஃபை பாஸ்வேர்டையும் மாத்துங்க. அடுத்தது வாங்கும்போது சைபர் பாதுகாப்பு லேபிள் இருக்கான்னு பாருங்க, நாலு நிலை இருக்கு, 2020லேருந்து சிங்கப்பூர்ல ஒட்டுறாங்க. வைஃபை ரவுட்டருக்குத்தான் அது கட்டாயம், கேமராவுக்கு இல்ல, அதனால நீங்கதான் தேடணும்.

கே: பிரிண்டருக்கு மாசச் சந்தாவுல மை வந்துச்சு. சந்தாவை நிறுத்தினதும் மை இருந்தும் பிரிண்ட் ஆகல. இது நியாயமா?

ப: நியாயமில்ல, ஆனா நீங்க ஓகே அமுக்கின ஒப்பந்தத்துல இருக்கும். அது வாடகை மை. பிஎம்டபிள்யூ 2022ல சில நாடுகள்ல சீட்டைச் சூடாக்க மாசச் சந்தா கேட்டான், கார்ல ஹீட்டர் ஏற்கனவே இருக்கு, சாஃப்ட்வேர்தான் பூட்டு. ஜனங்க காறித்துப்பினதுல அடுத்த வருஷமே விட்டுட்டான். நம்ம ஊர்ல சீட்டு சும்மாவே சுடும், அது வேற.

கே: லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் பக்கத்துல ஒருத்தர்கிட்ட பழைய போன் 350 வெள்ளிக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பாத்தா அவரோட அக்கவுண்ட் லாக். இப்ப மெசேஜுக்குப் பதிலே இல்ல. லெமன் சட்டம் வருமா?

ப: வராது, அது வியாபாரிகிட்ட வாங்கினாத்தான். தனி ஆளு மேலயும் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், ஆனா அவர் பேரு விலாசம் வேணும். இருக்கா? அங்கயே நின்னு ரெண்டு நிமிஷம் ஆன் பண்ணிப் பாக்க என்ன தம்பி அவசரம்?